கேலக்டினா, சிக்லெக்கா: நோய் எதிர்ப்புச் செல்லுக்கு யார் கடிவாளம்?

நம் செல்களின் மேற்பரப்பு முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றைப் பிடித்து நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கும் புரதங்களில் கேலக்டின், சிக்லெக் என்ற இரண்டு குடும்பங்களும் முக்கியமானவை.

கேலக்டின் செல்லுக்குள் உருவாகி வெளியே வந்து வேலை செய்யும். அது தேடுவது கேலக்டோஸ் என்ற சர்க்கரை உள்ள சங்கிலிகளை. கேலக்டின்-1 ஜோடியாக நிற்பதால் இரண்டு சங்கிலிகளை ஒரே நேரத்தில் பற்றி, ஏற்பிகளை (செல்லின் மேலிருந்து சமிக்ஞை வாங்கும் புரதங்களை) சேர்த்துக் கட்டிவிடும். தூண்டப்பட்ட டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லை இது சாகவே வைக்கும் என்று 1995-இல் தெரியவந்தது.

சிக்லெக் அப்படி வெளியே போய் வேலை செய்வதில்லை, செல் சவ்வில் ஊன்றி நிற்கும் ஏற்பி. சங்கிலியின் நுனியில் உள்ள சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடிக்கும். எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்லில் இருக்கும் சிடி22 என்ற சிக்லெக்கைப் பாருங்கள்: அதன் உள்வாலில் எஸ்எச்பி-1 என்ற நொதி வந்து ஒட்டி, உள்ளே ஓடும் தூண்டலைத் தணிக்கிறது.

என்னை அசரவைக்கும் இடம் இனிமேல்தான். அதே சயாலிக் அமிலம் 2,6 என்ற வகைப் பிணைப்பில் நுனியில் அமர்ந்தால் சிடி22-க்கு அது அழைப்பு, கேலக்டோஸை மூடிவிடுவதால் கேலக்டின்-1-க்கோ பூட்டு! உதவி டி செல்களில் ஒரு வகையான டிஎச்2 செல்கள் இந்த மூடியைப் போட்டுக்கொண்டு கேலக்டின்-1-இடம் தப்பிக்கின்றன. மற்ற வகைகளான டிஎச்1, டிஎச்17 செல்கள் மாட்டிக்கொள்கின்றன.

சரி, மருந்து? அதில் சிக்லெக் முந்திவிட்டது. ரத்தப் புற்றுநோய்க்கான ஜெம்டுசுமாப் ஓசோகாமைசின் என்ற மருந்து குறிவைப்பது சிக்லெக்-3 எனும் சிடி33-ஐ. ஆனால் அங்கே சிடி33 நச்சைக் கொண்டு சேர்க்க உதவும் வெறும் விலாசம்தான், கடிவாளமாகப் பயன்படவில்லை.