தாம்சனா, ஸ்டென்னா? சுட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்

செக்கானூரணிப் பக்கம் எங்கள் ஊரில் பையன்கள் செல்போனில் சண்டை விளையாடிக்கொண்டே கேட்பார்கள்: "தாத்தா, தாம்சன் ஒசத்தியா, ஸ்டென் ஒசத்தியா?" இரண்டும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து, விசையைப் பிடித்தால் சடசடவெனச் சுடும் சிறு இயந்திரத் துப்பாக்கிகள். ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்த்தவன் நான். கோத்தில், அதாவது ஆயுதக் கிடங்கில், இருந்த இரண்டையும் கழற்றித் துடைத்திருக்கிறேன், ரேஞ்சில் சுட்டும் இருக்கிறேன்.

கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரியும். தாம்சன் வெறும் துப்பாக்கியே ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கடைந்தெடுத்த இரும்பு, வழவழப்பான மரக்கட்டை. ஸ்டென் மார்க் 2 மூன்று கிலோ சொச்சம்தான். குழாயையும் தகட்டையும் பற்றவைத்தது. 1940-இல் பிரான்சின் டன்கிர்க் கடற்கரையில் ஆயுதங்களைப் போட்டுவிட்டு வந்த பிரிட்டன், கையில் கிடைத்ததை வைத்து அவசரமாகச் செய்தது அது. ஷெப்பர்டு, டர்பின் என்ற இருவரின் முதலெழுத்தோடு என்ஃபீல்டு ஆலையின் பெயரையும் சேர்த்ததுதான் ஸ்டென். ஒரு தாம்சன் விலைக்குப் பல ஸ்டென் செய்யலாம்.

தோட்டாவிலும் ஸ்டென்னுக்குத்தான் லாபம். நூறு ரவுண்டு 9 எம்.எம். சுமார் 1.2 கிலோ, தாம்சனின் .45 அங்குலத் தோட்டா நூறு என்றால் இரண்டு கிலோவைத் தாண்டும். மலை ஏறுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் சுடும்போதுதான் தாம்சனின் எடை அருமையாகத் தெரியும். தோளில் இடிக்காது, அழுத்தித் தள்ளும். பட், அதாவது தோளில் பதிக்கும் பின்கட்டை, கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால் குழல்வாய் மேலே ஏறப் பார்க்கும். முன்னால் சாய்ந்து நின்று, இடது கையால் கீழே இழுத்துப் பிடித்து, மூன்று மூன்றாக விட்டால் சொன்ன இடத்தில் நிற்கும். ஸ்டென் அதைவிட நிதானமாகச் சுடும், நிமிடத்துக்கு ஐந்நூறு சொச்சம். குறி வைக்கவும் கஷ்டமில்லை.

ஸ்டென்னின் கோளாறெல்லாம் மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில். இரண்டு வரிசையாக வரும் தோட்டாக்கள் வாயில் ஒரே வரிசையாகக் கூட வேண்டும். வாய்த்தகடு ஒரு மயிரிழை வளைந்தாலும் சிக்கிக்கொள்ளும். அதனால் 32 கொள்ளும் மேகசினில் முப்பதுக்கு மேல் போட மாட்டோம். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் புதுப் பையன் அதையே கைப்பிடியாகப் பிடிப்பான். அப்படிப் பிடித்தாலும் சிக்கும். குழலைச் சுற்றிய உறையைத்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. ஸ்டென்னைச் சுடத் தயாராக இழுத்து வைக்காதபோது போல்ட், அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி வெடிக்க வைக்கும் இரும்புக்கட்டை, முன்னால் இருக்கும். பட் தரையில் ஓங்கி இடித்தால் போல்ட் கொஞ்சம் பின்னால் போய், ஒரு தோட்டாவைத் தள்ளிக்கொண்டு திரும்பி வெடித்துவிடும். எங்கள் யூனிட்டில் ஒரு பையன் மேகசினோடு சுவரில் சாய்த்து வைத்தது சரிந்து, குண்டு கூரை ஓட்டைத் துளைத்துக்கொண்டு போனது. ஓட்டுத்தூள் என் தலையில் விழுந்தது. தாம்சனும் போல்ட் பின்னாலிருந்து முன்னால் பாய்ந்து சுடும் ரகம்தான், அதையும் தட்டாமல் வைக்க வேண்டும். ஆனால் ஸ்டென்னைத் தொடும்போதெல்லாம் இருந்த பயம் அதனிடம் எனக்கு இருந்ததில்லை.

பர்மாச் சண்டைக்குப் போய்வந்த எங்கள் தாத்தாவும் தாம்சன் பக்கம்தான். "கனம் கனம்தான்டா, ஆனா காலை வாராது" என்பார். சுமக்க ஸ்டென், சுட தாம்சன் என்று பையன்களிடம் சொல்வேன். ஒன்றுதான் என்று நெருக்கினால் தாம்சன்தான்.

ஸ்டென்னின் கோளாறைச் சரி செய்தது பேட்செட் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் செய்த ஸ்டெர்லிங் துப்பாக்கி. வளைந்த மேகசினுக்குள் உருளைகள் வைத்து 34 தோட்டாவையும் சிக்காமல் ஏற்றினார். கான்பூரில் செய்த நம் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியும் அந்த வழிதான். மதுரையில் போலீஸ்காரர் தோளில் அதைப் பார்த்தவர்கள் அதையும் "ஸ்டென் கன்" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.