யூடியூப் ஓடும், வங்கிப் பக்கம் திறக்காது: எம்டியூவை எங்கே குறைப்பது?

ஒடுகத்தூரில் என் கடைக்கு வயர்லெஸ் இணைப்புதான். மொட்டை மாடியில் ஒரு டிஷ், தூரத்து டவரைப் பார்த்து நிற்கும். சில மாதங்களுக்கு முன் ஒரு விசித்திரத் தொல்லை வந்தது. யூடியூப் நன்றாக ஓடுகிறது, வாட்ஸ்அப் போகிறது. வங்கிப் பக்கமும் விண்ணப்பத் தளம் ஒன்றும் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. இணைப்புக்காரத் தம்பி மாடியேறி டிஷ்ஷை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிக்னல் ஃபுல்லா கீதுண்ணா" என்று இறங்கிவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. கோளாறு சிக்னலில் இல்லை, பாக்கெட் அளவில், அதாவது இணையத்தில் தரவு போகும் துண்டுகளின் அளவில்.

ஈதர்நெட் கேபிளில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம், இந்த உச்ச அளவுக்குத்தான் எம்டியூ என்று பெயர். பிபிபிஓஇ லாகின் (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) வைத்த இணைப்பு அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. என் ரவுட்டரிலும் 1492 என்றுதான் இருந்தது. சோதனைப் பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையில் 'துண்டாக்காதே' குறியைப் போட்டு அளவை மாற்றி மாற்றி அனுப்பினேன். 1472 போட்டால் 'துண்டாக்கினால்தான் போகும்' என்று ரவுட்டர் உடனே சொன்னது. 1464 போட்டால் பதிலே இல்லை. 1452-க்குப் பதில் வந்தது, 1453-க்கு வரவில்லை. பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் ஐபி தலைப்புக்கும் ஐசிஎம்பி (பிங்கும் பிழைத் தகவல்களும் போகும் முறை) தலைப்புக்கும் 28 சேர்த்தால் உண்மையான எல்லை 1480.

அந்த மௌனம்தான் துப்பு. வழியில் இருக்கும் ரவுட்டர் என்றால், பாக்கெட் பெரிது என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். மாடியில் இருக்கும் ரேடியோ பிரிட்ஜாக, அதாவது வந்ததை அப்படியே கடத்தும் பாலமாக ஓடும்போது அதற்கு அந்தப் பழக்கம் இல்லை, சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். யூடியூப் தப்பியதற்கும் காரணம் உண்டு. குரோமில் அது பெரும்பாலும் குவிக் (QUIC) என்ற அனுப்பும் முறையில் வருகிறது. குவிக் சின்ன பாக்கெட்டில் ஆரம்பித்து, பெரிது போகிறதா என்று சோதித்துத்தான் அளவைக் கூட்டும். வங்கித் தளமோ ஆரம்பத்திலேயே, தான் உண்மையான தளம்தான் என்று காட்டும் சான்றிதழை முழு அளவு பாக்கெட்டுகளில் அனுப்புகிறது, அங்கேயே சிக்கிவிடுகிறது.

சரி, எங்கே குறைப்பது? பலரும் முதலில் செய்வது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எம்டியூவை 1400 ஆக்குவது. நானும் ஒன்றில் செய்தேன், வங்கிப் பக்கம் பட்டென்று திறந்தது. ஆனால் கடையில் நாலு கம்ப்யூட்டர். விண்டோஸில் நிரந்தரமாகச் சேமிக்காவிட்டால் மறுநாள் காலை பழைய கதைதான். வாடிக்கையாளர் போனில் அந்த செட்டிங்கைத் தேடிக்கூட எடுக்க முடியாது. கோளாறு இதுதானா என்று உறுதிப்படுத்த மட்டும் இந்த வழி நல்லது.

இரண்டாவது, ரவுட்டரின் வேன் (WAN, வெளி இணைப்புப் பக்கம்) எம்டியூவை 1480 ஆக்குவது. கேட்க இதுதான் நியாயமாகப் படும். வெளியே போகும் பாக்கெட்டுகள் சரியாகிவிடும். உள்ளே வருவதுதான் சிக்கல்: அளவைக் குறைக்கச் சொல்லும் ஐசிஎம்பி தகவலை எதிர்முனை சர்வர் கேட்க வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்து வைத்திருக்கும் தளங்களிடம் இது பலிக்காது. அப்படி அடைப்பது என் கண்ணில் சோம்பேறித்தனம், போகட்டும்.

மூன்றாவது எம்எஸ்எஸ் கிளாம்ப். வலைப்பக்கங்கள் பலவும் வரும் டிசிபி முறையில், தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் எவ்வளவு தரவு வரலாம் என்று இரு முனையும் முதலிலேயே சொல்லிக்கொள்ளும் அளவுதான் எம்எஸ்எஸ்; அதை நடுவில் குறைப்பது கிளாம்ப். என் ஓட்டு இதற்கே. கரும்பு லாரி தடுப்புக் கம்பியில் முட்டிய பிறகு லோடை இறக்கச் சொல்வது ஒரு வகை. வயலில் ஏற்றும்போதே இவ்வளவு உயரம் போதும் என்று சொல்லிவிடுவது இன்னொரு வகை. டிசிபி இணைப்பு தொடங்கும் முதல் பாக்கெட்டிலேயே ரவுட்டர் கையை வைத்து, 1460 என்று இருப்பதை 1440 என்று மாற்றிவிடுகிறது. 1480-இல் தலைப்புகளுக்கு 40 போனால் 1440. எதிர்முனை ஐசிஎம்பியைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கவலையில்லை, போன், கம்ப்யூட்டர் எதையும் தொடவும் வேண்டாம். மைக்ரோடிக் ரவுட்டரில் ஒரே ஒரு விதி. சில வீட்டு ரவுட்டர்கள் எம்டியூவைக் குறைத்தாலே கிளாம்பையும் தாமாகச் செய்துவிடும், அதனால்தான் இரண்டாவது வழி சிலருக்குப் பலித்து சிலருக்குப் பலிக்காமல் போகிறது. பாக்கெட்டுக்கு 20 பைட் குறைந்ததால் வேகம் குறைந்த மாதிரி ஒன்றும் தெரியவில்லை.

நான்காவதாக, ஆர்எஃப்சி 4638 என்ற இணைய நெறி ஆவணம் சொல்கிறபடி வழி முழுக்க 1508 பைட்டை அனுமதித்தால் பிபிபிஓஇ-யிலும் முழு 1500 கிடைக்கும். டவர், சுவிட்ச், ரேடியோ எல்லாமே ஒத்துழைக்க வேண்டும். தம்பியிடம் கேட்டேன். சிரித்தார்.

கிளாம்புக்கு ஒரு குறை, அது டிசிபியை மட்டுமே தொடும். யுடிபி என்ற வேறு முறையில் ஓடும் விபிஎன்களுக்கு (ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் மறைகுறியிட்ட தனிவழி) அந்த விபிஎன்னிலேயே அளவைக் குறைக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பையன் வயர்கார்டு என்ற அப்படியொரு விபிஎன் வழியாக பெங்களூர் ஆபீஸ் வேலை பார்க்கிறான், அவனுக்கும் என் ரவுட்டர்தான். பயந்துகொண்டே கணக்குப் போட்டேன். அவன் விபிஎன்னில் 1420, அது சேர்க்கும் தலைப்புகளின் மேல்சுமை ஐபிவி4-இல் 60. மொத்தம் 1480, ஒரு பைட் மிச்சமில்லை.