மெஷின் கண்காணிப்புக் கருவி: எட்டு மாத அனுபவம்

சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்கள்) பட்டறை ஒன்றில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், நான்கிலும் எட்டு மாதமாக இந்தக் கருவி இருக்கிறது. கேபிளைக் கவ்வியிருக்கும் சென்சார், கரண்ட் இழுப்பதை வைத்து மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்க்கும். நின்றால் பக்கத்தில் உள்ள டேப்லெட் காரணம் கேட்கும். அவ்வளவுதான் இதன் வேலை.

எங்கள் லேத்துகள் எண்பது சதவீதத்துக்குக் குறையாமல் உழைக்கின்றன என்று நம்பியிருந்தேன். முதல் வாரத்திலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது. ஒரு ஷிஃப்டை மட்டும் சொல்கிறேன். இடைவேளை போக 450 நிமிடம், பீஸுக்கு 2 நிமிடம். 110 நிமிடம் மெஷின் நின்றிருக்கிறது. மீதி 340 நிமிடத்தில் 170 பீஸ் வந்திருக்க வேண்டும், வந்தது 150. அதில் 6 ரிஜெக்ட். ஆக, நல்ல பீஸ் 144, அதாவது 288 நிமிட வேலை. 450-க்கு 64 சதவீதம்!

நின்ற நேரத்தில் 52 நிமிடம் ஒரே ஒரு செட்டிங் மாற்றத்தில், அதாவது வேறு பீஸ் செய்ய மெஷினைத் தயார் செய்வதில் போயிருந்தது. அடுத்த முறை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மெஷினை நிறுத்திய பிறகுதான் ஆபரேட்டர் ஜா (பீஸைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) எடுக்க ஸ்டோருக்குப் போனார். திரும்பி வந்து ஆலன் கீ தேடினார். அப்புறம் டிராயிங்குக்காகக் காத்திருந்தார். அவர் மேல் தப்பே இல்லை, எதையும் நாங்கள் முன்கூட்டி எடுத்து வைக்கவில்லை. மெஷின் நின்றால்தான் முடியும் என்கிற வேலையையும், ஓடும்போதே முடித்து வைக்கக்கூடிய வேலையையும் பிரிக்கச் சொன்னவர் ஜப்பானின் உற்பத்தி முறை நிபுணர் ஷிகேயோ ஷிங்கோ. அதன்படி அடுத்த ஜாபுக்கான ஜா, டூல், இன்செர்ட் (டூலில் மாட்டும் வெட்டுமுனை), டிராயிங் எல்லாவற்றையும் ஒரு தள்ளுவண்டியில் முன்னாலேயே கொண்டுவந்து வைத்தோம். இப்போது அதே செட்டிங் 24 நிமிடத்தில் முடிகிறது. புது மெஷின் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

குறைகளும் உண்டு. காரணப் பட்டியலில் முதலில் 28 வரி இருந்தது. கையில் எண்ணெயோடு நிற்கிறவர் அத்தனையையும் படிக்க மாட்டார், எல்லாரும் 'மற்றவை' என்றே அழுத்தினார்கள். ஆறாகக் குறைத்த பிறகுதான் பதில் உண்மையாக வந்தது. நெட் போனால் அந்த நேரத்துப் பதிவு காணாமல் போகிறது, இது பெரிய குறை. டூல் வெறும் காற்றில் ஓடினாலும் உற்பத்தி என்றே எண்ணுகிறது. ரிஜெக்ட் எண்ணிக்கையை நாம்தான் உள்ளிட வேண்டும்.

ஒரே ஜாபை நாள் முழுக்க ஓட்டுகிற எங்கள் மில்லிங் மெஷினுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. அடிக்கடி செட்டிங் மாறும் மெஷின்களுக்குத் தயங்காமல் வாங்கலாம். அடுத்த மாதம் சந்தா முடிகிறது. மூன்று லேத்துக்கு மட்டும் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.