ஸ்ட்ரோலர் வாங்கும் முன் மாடிப்படியைப் பாருங்கள்

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருப்பவர்கள் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டியை, வாங்கவே கூடாது. மாடல், விலை, நிறம் ஆகியவற்றைப் பேசுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். கடையில் யாரும் சொல்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, ஒரு வயது நிறைந்த ஆண் குழந்தையின் இடைநிலை எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9 கிலோ. வண்டி 12 கிலோ என்றால் இரண்டும் சேர்ந்து இருபதைத் தாண்டுகிறது. தோளில் மாற்றுத் துணியும் வெந்நீர் பிளாஸ்க்கும் உள்ள பை வேறு. இத்தனையையும் ஒரு பெண் தனியாக இறக்கி, மாலையில் திரும்ப ஏற்ற வேண்டும். சில நாள் முயன்று பார்ப்பார். பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கிளம்பிவிடுவார். வண்டி பால்கனியில் துணிக்கொடியின் கீழ் போய் நின்றுகொள்ளும்.

சென்னை போன்ற ஊரில், ஆட்டோவிலும் காரிலும் மெட்ரோவிலும் மாறி மாறிப் போகும் குடும்பத்தை மனத்தில் வைத்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். போட்டியில் இருப்பவை பெரிய வண்டி, கையடக்கமாக மடியும் சிறிய வண்டி, குடைபோல் மடியும் மலிவான வண்டி, காரில் பொருத்தும் குழந்தை இருக்கையோடு (கார் இருக்கை) சேர்ந்து வருவது, கடைசியாக, வண்டியே இல்லாமல் உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியர்.

எப்போது வாங்குவது என்பது முதலில் தீர வேண்டிய கேள்வி. பிறந்த நாள் முதலே பயன்படுத்தலாம் என்று சொல்லி, முழுதாகப் படுக்கும் தொட்டில் பகுதி இருக்கும் வண்டியைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். குளிர்நாடுகளில் பிரசவம் முடிந்த சில நாளிலேயே பச்சிளம் குழந்தையைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். அங்கே அது அவசியம். நம் வீடுகளில் பெரும்பாலும் தாய்வீட்டில் பேறுகாலம், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்த வீடு திரும்புதல் என்பதுதான் நடைமுறை. அதுவரை குழந்தை வெளியே போவதே தடுப்பூசிக்கும் கோயிலுக்கும்தான். தூங்குவதற்குத் தூளி இருக்கிறது. ஆகவே தொட்டில் பகுதிக்குக் கொடுக்கும் பணம் பல வீடுகளில் வீண். நான்கைந்து மாதத்தில் கழுத்து நன்றாக நின்ற பிறகு, நீங்கள் குடியிருக்கப்போகும் வீட்டின் படிகளையும் தெருவையும் பார்த்து வாங்குங்கள். பெயர் சூட்டும் விழாவுக்கு யாராவது ஸ்ட்ரோலர் பரிசளிக்க நினைத்தால், வெட்கப்படாமல் மாடலின் பெயரைச் சொல்லிவிடுங்கள். தனிக்குடித்தனத்தில், உதவிக்கு ஆளில்லாமல், முதல் மாதத்திலிருந்தே வெளியே எடுத்துச் செல்ல வேண்டியவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் முதுகுப்பகுதி ஏறக்குறைய முழுதாகச் சாயும் வண்டியைத்தான் வாங்க வேண்டும். கழுத்து நிற்காத குழந்தையைச் சாய்வு குறைந்த இருக்கையில் உட்கார்த்தினால் தாடை மார்பில் மடிந்து மூச்சுப்பாதை குறுகிவிடும்.

உண்மையான போட்டி பெரிய வண்டிக்கும் கையடக்க வண்டிக்கும் இடையில்தான். அந்தப் போட்டியைத் தீர்மானிப்பது சக்கரம். தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகத்தில் எந்த ஸ்ட்ரோலரும் ஓடும். அங்கிருந்து ஏதாவது ஒரு குறுக்குத் தெருவுக்குள் திரும்பிப் பாருங்கள். மழைநீர் வடிகாலின் கான்கிரீட் மூடி, பக்கத்து மூடியைவிட இரண்டு விரற்கடை உயர்ந்து நிற்கும். கையடக்க வண்டியின் முன்சக்கரம் அந்த விளிம்பில் முட்டி, குறுக்காகத் திரும்பி, அப்படியே நின்றுவிடும். பின்னாலிருந்து தள்ளுபவரின் வேகத்தில் வண்டியின் வால் மேலே எழும்பும். காரணம் எளியது. சக்கரத்தின் விட்டம் 12 செ.மீ. என்றால் ஆரம் 6 செ.மீ.; 3 செ.மீ. தடை அதன் பாதி. விட்டம் 28 செ.மீ. உள்ள பெரிய சக்கரத்துக்கு அதே தடை ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான், உருண்டு ஏறிவிடும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் 2012 வழிகாட்டுதல், நடைபாதையின் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, நடப்பதற்குத் தடையில்லாத 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. நம் தெருக்களில் அந்த அகலத்தில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது, இருசக்கர வாகனம் நிற்கிறது, இளநீர்க் கடை நிற்கிறது. குழந்தையோடு நடுச்சாலையில் இறங்கி நடக்க வேண்டியிருப்பது ஒரு நகரத்துக்கு அவமானம். எத்தனை விலை கொடுத்து வண்டி வாங்கினாலும் அந்தக் குறையை வண்டி தீர்க்காது.

அப்படியானால் பெரிய சக்கரமே வாங்கிவிடலாமே என்று தோன்றும். சுற்றுச்சுவர் உள்ள பெரிய குடியிருப்பில், லிஃப்ட் வசதியோடு, மாலை நேரத்தில் உள்சாலையிலும் பூங்காவிலும் சுற்றுவதுதான் முக்கியப் பயன் என்றால், தாராளமாக வாங்குங்கள். இருக்கை அகலமாக இருக்கும், சாய்வு நன்றாக இருக்கும், குழந்தை உங்களைப் பார்த்தபடி உட்காரும்படி இருக்கையைத் திருப்பிக்கொள்ள முடியும், கீழ்க்கூடையில் காய்கறிப் பை முழுதாக அடங்கும். மூன்று வயது வரை சலிப்பில்லாமல் உழைக்கும். தெருவைத் தாண்டிப் போக வேண்டும் என்ற நாளில்தான் சங்கடம் தொடங்குகிறது. மடித்தாலும் அது ஒரு சிறிய மேசையளவு இருக்கும். கேஸ் சிலிண்டர் பொருத்திய கால் டாக்ஸியில் டிக்கியின் பாதி ஏற்கெனவே போய்விட்டிருக்கும். டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். ஆட்டோவில் அதைக் குறுக்காக வைத்தால் உங்கள் முழங்கால் வெளியே நீட்டிக்கொள்ளும்.

கையடக்க வண்டி இந்த இடத்தில்தான் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. பிரான்ஸின் பேபிஸென் நிறுவனம் 2012-இல் யோயோவைக் கொண்டுவந்த பிறகு இந்த வகை உலகெங்கும் பரவியது. மடித்தால் 52 × 44 × 18 செ.மீ., எடை ஏறக்குறைய 6 கிலோ. அதே உருவத்தில், தோளில் மாட்டும் பட்டையோடு, இந்திய நிறுவனங்களும் இப்போது மலிவாக விற்கின்றன. யோயோவின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். ஆட்டோவில் கால்களுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும், ரயிலில் கீழ் பெர்த்தின் அடியில் போகும், வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒதுங்கும். விமானத்தில் கேபினுக்குள் எடுத்துச் செல்லலாம் என்ற விளம்பரத்தை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக உள்ள வரம்பு, மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை 115 செ.மீ., எடை 7 கிலோ. யோயோவின் கூட்டுத்தொகை 114. நூலிழையில் தப்புகிறது, மற்ற வண்டிகளின் அளவை வாங்கும் முன் நீங்களே கூட்டிப் பாருங்கள். அளவு பொருந்தினாலும், கூட்டமான விமானத்தில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

இதன் பலவீனங்களும் தெரிந்திருக்க வேண்டும். தடை வரும்போது கைப்பிடியைக் கீழே அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி வைக்க வேண்டும். மலிவான மாடல்களில் கைப்பிடி மடியும் மூட்டே அப்போது நெளியும். அந்த நெளிவைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இருக்கையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துக் கைப்பிடியை அழுத்துங்கள். முன்சக்கரம் எழும்புவதற்கு முன் கம்பி வளைந்தால் அந்த வண்டி வேண்டாம். சாய்வு, நிழற்கூரை, கீழ்க்கூடை மூன்றும் பெரிய வண்டியைவிடச் சிறியவைதான். இத்தனையும் தெரிந்த பிறகும், மாடி வீட்டில் இருந்துகொண்டு கலப்புப் பயணம் செய்யும் குடும்பத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். கரடுமுரடான தெருவில் நூறு மீட்டர் சிரமப்பட்டால் போதும். கனமான வண்டியோ வீட்டை விட்டே இறங்காது.

குடை வகையின் கதை அழகானது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பை வடிவமைப்பதில் பங்கெடுத்த ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், விமானங்களில் பழகிய அலுமினியக் குழாய்களைக் கொண்டு 1965-இல் இதை உருவாக்கினார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. இன்று அதன் வழிவந்த மலிவான வண்டிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. உட்கார நன்றாகப் பழகிய, ஒரு வயது கடந்த குழந்தைக்கு இரண்டாவது வண்டியாக இது போதும். முதல் வண்டியாக வேண்டாம். மலிவானவற்றில் இருக்கைத் துணி தொய்ந்து, குழந்தையின் முதுகு கூன்போட்டு நிற்கும். இரண்டு தனித்தனிக் கைப்பிடிகள் என்பதால் ஒற்றைக் கையால் நேராகத் தள்ள முடியாது. மறு கையில் குடை பிடிக்க முடியாது. கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கினால் வண்டி பின்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

காரில் தினமும் போகிறவர்களுக்கு, கார் இருக்கையைக் கழற்றி ஸ்ட்ரோலர் சட்டத்தில் பொருத்தும் தொகுப்பு விற்கப்படுகிறது. டூனா போன்றவற்றில் கார் இருக்கைக்கு அடியிலிருந்தே சக்கரம் இறங்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதத்தை விடுங்கள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காரும் வழக்கம் ஒழிந்தே ஆக வேண்டும். சொந்தக் கார் உள்ளவர்கள் ஸ்ட்ரோலருக்கு முன்பு கார் இருக்கையைத்தான் வாங்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. கார் இருக்கையில் குழந்தை வளைந்தபடி இருக்கும். பயணம் முடிந்த பிறகும் மணிக்கணக்கில் அதிலேயே தூங்க விடுவது நல்லதல்ல. டூனாவோ சுமார் ஒன்றேகால் வயதில் குழந்தைக்குச் சிறியதாகிவிடும். தனியாக ஒரு நல்ல கார் இருக்கை, தனியாக ஒரு கையடக்க வண்டி என்று வாங்கினால், அதே பணத்தில் பல ஆண்டு ஓடும்.

வீட்டில் இருப்பது இருசக்கர வாகனம் மட்டும் என்றால் கணக்கே வேறு. ஸ்ட்ரோலரை ஸ்கூட்டரில் ஏற்ற முடியாது; ஆகவே அது வீட்டைச் சுற்றிய தெருவுக்கு மட்டும்தான். இவர்களுக்கு நல்ல கேரியர்தான் முதல் செலவாக இருக்க வேண்டும். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, கால்கள் அகன்று, தொடைக்கு முழுத் தாங்கல் கிடைக்கும்படி குழந்தை உட்கார வேண்டும். நம் பாட்டிமார் இடுப்பில் தூக்கும் நிலையும் அதுதான், இடுப்பு மூட்டுக்கு அதுவே உகந்தது. காலைத் தொங்கவிடும் குறுகிய கேரியர்களை வாங்காதீர்கள். குனிந்தால் குழந்தையின் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் கட்டி, முகம் எப்போதும் கண்ணில் படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சந்தை, கோயில் படிக்கட்டு, பஸ், ரயில் நிலைய மேம்பாலம் ஆகிய இடங்களில் எந்த ஸ்ட்ரோலரும் இதற்கு ஈடாகாது. சித்திரை வெயிலில் இரண்டு உடம்பும் நனைந்துவிடும் என்பது உண்மை. வலைத்துணியில் தைத்தது ஓரளவு உதவும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கேரியரில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டவோ பின்னால் உட்காரவோ கூடாது. அது விபத்தில் காக்கும் கருவி அல்ல. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்லத் தனிப் பாதுகாப்புப் பட்டை வேண்டும், 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதியே அறிவித்திருக்கிறது.

ஓடிக்கொண்டே தள்ளும் மூன்று சக்கர வண்டிக்கு இங்கே வேலை குறைவு. பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஓடும் பழக்கம் உள்ளவர்கள் வாங்கலாம், அதுவும் குழந்தைக்கு ஆறு மாதம் ஆன பிறகு. இரட்டையருக்கு அருகருகே உட்காரும் வண்டியைப் பார்க்கிறவர்கள், முதலில் லிஃப்ட் கதவின் அகலத்தை அளந்துவிடுங்கள்.

எந்த வகையானாலும் நம் ஊரில் வெயில்தான் பெரிய எதிரி. குழந்தை தூங்கியதும் வெளிச்சம் படாமல் வண்டியின் மேல் துணியைப் போர்த்திவிடுகிறார்கள். 2014-இல் ஸ்வீடன் நாளிதழ் ஒன்று செய்த சோதனையில், 22 டிகிரி இருந்த வண்டிக்குள், மெல்லிய துணி போர்த்திய அரை மணியில் 34 ஆனது, ஒரு மணி நேரத்தில் 37. ஸ்வீடனிலேயே அப்படி என்றால், மே மாதத்து வேலூரை நினைத்துப் பாருங்கள். ஆகவே கூரை முழங்கால் வரை நீளுமா, பின்பக்கத்தில் காற்றுப் போகும் வலை ஜன்னல் உண்டா என்பவை அலங்காரக் கேள்விகள் அல்ல. கறுப்புத் துணி வேண்டாம், வெளிர் நிறம் எடுங்கள். அடர்ந்த மெத்தை வைத்த இருக்கை கடையின் ஏசியில் சொகுசாகத் தெரியும். வெளியே அதில் குழந்தைக்கு வேர்க்குருதான் வரும்.

பழைய ஸ்ட்ரோலரை உறவினரிடமிருந்து வாங்குவது நல்ல யோசனைதான், மூன்று இடங்களைப் பார்த்துவிட்டால். 2009 நவம்பரில் மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சுமார் பத்து லட்சம் வண்டிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. விரிக்கும்போது பக்கக் கீலில் மாட்டிக் குழந்தைகளின் விரல்நுனி துண்டானதாக வந்த புகார்களே காரணம். ஆகவே கீல்கள் மூடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள், விரிக்கும்போது குழந்தையைத் தள்ளி நிறுத்துங்கள். பிரேக்கைப் போட்டுவிட்டுச் சாய்தளத்தில் நிறுத்திப் பாருங்கள். பெல்ட் தோள், இடுப்பு, கவட்டை என ஐந்து முனைகளிலும் இருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் இருப்பதில் குழந்தை எழுந்து நின்றுவிடும்.

புதிதாக வாங்கும்போது விற்பனையாளர் மடித்துக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் நீங்களே மடியுங்கள். தினமும் தள்ளப்போகிறவர் பாட்டி என்றால் அவரையும் கடைக்கு அழைத்துப் போய் மடிக்கச் சொல்லுங்கள். அவரால் முடியாத வண்டி அந்த வீட்டுக்கு உரியதல்ல. இணையத்தில் வாங்குபவர்கள், வந்த அன்றே உங்கள் மாடிப்படியில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் வையுங்கள்.