ஜாயினிங் லெட்டர் வந்ததும் தேடி வரும் கிராஷ் கோர்ஸ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வில் தேறி, மெடிக்கல் முடித்து, மெரிட் லிஸ்ட்டில் பெயரும் வந்து, சென்னை ஓ.டி.ஏ.வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) சேரச் சொல்லிக் கடிதம் வரும்போது பலருக்குக் கையில் இரண்டு வாரம்கூட இருப்பதில்லை. அந்தச் சில நாட்களைக் குறிவைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. "பத்தே நாளில் அகாடமிக்குத் தயார்" என்று விளம்பரம் செய்யும் தனியார் முகாம்களைத்தான் சொல்கிறேன். அப்படி ஒரு முகாமில் என் தங்கைக்கு நடந்ததை இங்கே எழுதுகிறேன். அடுத்து சேரப்போகும் பிள்ளைகள், முக்கியமாகக் குடும்பத்தில் முதல் ஆளாக ராணுவத்துக்குப் போகிறவர்கள், அவர்களுடைய பெற்றோர், கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள்.

தங்கை என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியாகத் தேர்வானவள். 'சி' சான்றிதழ் வைத்திருந்ததால் எழுத்துத் தேர்வு கிடையாது, நேராக எஸ்.எஸ்.பி. ஐந்து நாளையும் எந்தக் கோச்சிங்கும் இல்லாமல் தாண்டி வந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மைதானத்தில் ஓடுவாள், பரேடில் குறை சொல்ல முடியாது. அவளுக்கு யாரிடமும் போய்த் தயாராக வேண்டிய தேவையே இருக்கவில்லை.

தேர்வானவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு டெலிகிராம் குழுவில் அவள் இருந்தாள். ஜாயினிங் லெட்டர் வந்த அன்று மாலையே அதில் ஒரு "சீனியர்" தனியாகப் பேச ஆரம்பித்தார். முதல் மாதத்திலேயே பாதிப் பேர் ரிலெகேட் ஆகிறார்கள் (அதாவது அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளப்படுகிறார்கள்), பெண்கள் நிலைமை இன்னும் மோசம், தமிழ்நாட்டுப் பிள்ளைகளை இந்தி தெரியாது என்று ஓரம்கட்டுவார்கள் என்று வரிசையாகப் பயமுறுத்தினார். பேச்சு முடியும்போது ஒரு முகாமின் நம்பரைக் கொடுத்தார். அவர் சீனியரும் இல்லை, அகாடமியில் படித்தவரும் இல்லை, அந்த முகாமுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் என்பது பிறகுதான் வெளியே வந்தது. "பாதிப் பேர் ரிலெகேட்" என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. இந்தியைப் பொறுத்தவரை, பரேடில் கேட்கும் சாவ்தான், விஷ்ராம், தேஸ் சல், தம் எல்லாம் என்.சி.சி.யில் இருந்த எந்தப் பிள்ளைக்கும் தூக்கத்தில்கூடத் தெரியும்.

கட்டணம் 25,000 ரூபாய், முழுவதும் முன்பணம். நான் தயங்கியபோது முகாமை நடத்துபவர் சொன்ன பதில்: "பயிற்சிக் காலத்திலேயே மாசம் 56,100 ரூபாய் உதவித்தொகை வரப்போகுது தம்பி, இதைப் போய் யோசிக்கிறீங்களே." ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் நேரில் பயிற்சி தருவார்கள், அகாடமி பட்டியல்படி முழு கிட், ஆவணங்கள் சரிபார்ப்பு, எல்லாம் இந்தப் பணத்துக்குள் என்றார். சுவர் முழுக்க அதிகாரிகளின் படங்கள், எல்லாரும் அவருடைய மாணவர்களாம். அந்தப் படங்களில் இருந்த ஒருவரை என் நண்பருக்குத் தெரியும். கேட்டுப் பார்த்தபோது, அந்த முகாமின் பெயரையே தான் கேள்விப்பட்டதில்லை என்றார். ஓ.டி.ஏ. இருக்கும் பரங்கிமலையில் அணிவகுப்பு முடிந்து பத்திரிகைகளில் வந்த படங்களைப் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர்கூட வரவில்லை. பயிற்சி கொடுத்தது ஜிம்மில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். முதல் நாளே புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு, முதுகில் மணல் நிரப்பிய பையோடு, தார் ரோட்டில் ஓட்டம். காலை, மாலை இரண்டு வேளையும். தங்கை மூன்றாவது நாளே கணுக்காலுக்கு மேலே வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். "அகாடமியில் இப்படிச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து ஓட வைத்திருக்கிறார்கள். லேபிள் இல்லாத டப்பாவில் ஏதோ புரோட்டீன் பவுடர் வேறு, அதற்குத் தனிப் பணம். அதை அவள் தொடவில்லை. "அண்ணா, நொண்டாம நடக்க முடியல" என்று அவள் போன் செய்த அன்றே போய் அழைத்து வந்துவிட்டேன்.

எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார். கால் முன்னெலும்பில் ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன். முறிவு இல்லை, முறிவுக்கு முந்தைய நிலை. அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், இந்தப் பதிவில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எலும்பின் மீது திடீரென்று சுமை கூடும்போது உடல் முதலில் பழைய எலும்பைக் கரைக்கிறது, அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. கரைக்கும் வேலை சில வாரத்தில் நடந்துவிடும். கட்டியது உறுதியாக மாதக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட காலத்தில், ஏறக்குறைய மூன்றாவது நான்காவது வாரத்தில், அந்த எலும்பு ஆரம்பத்தில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிவிடுவதால் நன்றாக ஓட முடிகிறது என்று தோன்றும், ஆனால் எலும்பு அந்த வேகத்துக்குப் பழகாது. பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகமாக வருகிறது என்பதைப் பல நாட்டு ராணுவங்களில் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சேருவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒருவரை இப்படி அடித்து ஓட்டினால், அவருடைய கால் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம் எது? அகாடமியில் நிஜமான பயிற்சி தொடங்கும் முதல் வாரங்கள். ரிலெகேஷன் வராமல் காப்பாற்றுகிறோம் என்று பணம் வாங்குகிறவர்கள், அது வருவதற்கான வழியைத்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். உடல்நிலை காரணமாகப் பயிற்சி நாட்கள் அதிகம் தவறினாலும் அடுத்த பேட்ச்சோடு சேர்ந்து படிக்கச் சொல்லும் நிலை வரும். இதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ஓ.டி.ஏ. பயிற்சி 49 வாரம். வரும் பிள்ளைகளைப் படிப்படியாக ஏற்றுவதற்குத்தான் அத்தனை வாரம். முதல் நாளே முழுதாகத் தயாரான அதிகாரியை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதற்கு முன் எதைப் பழகிவிட்டு வரலாம் என்பதை அரசு அறிவிப்புகளிலேயே சொல்லிவிடுகிறார்கள்: 2.4 கிலோமீட்டர் ஓட்டம், தண்டால், சிட்-அப், சின்-அப். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, ஒரு பைசாவும் கேட்பதில்லை.

கிட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "முழு கிட்" என்று அவர்கள் கொடுத்த பையில் பூட்ஸ், பச்சை டி-ஷர்ட், தொப்பி, பெல்ட். ஜாயினிங் அறிவுறுத்தலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அதில் கேட்டதில் பாதிக்கு மேல் பையில் இல்லவே இல்லை. சீருடையும் பூட்ஸும் அகாடமியிலேயே கிடைக்கும். வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியவற்றுக்கு அகாடமியே பட்டியல் அனுப்புகிறது, அதை மட்டும் வாங்கினால் போதும்.

மிகவும் மோசமானது சான்றிதழ் விவகாரம். "ஆவணச் சரிபார்ப்பு" என்று சொல்லி முதல் நாளே தங்கையின் ஒரிஜினல் டிகிரி சான்றிதழையும் என்.சி.சி. 'சி' சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அகாடமியில் சேரும்போது ஒரிஜினலைக் காட்டியே ஆகவேண்டும், அது அவர்களுக்கும் தெரியும். நான் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. பாதியில் போவதால் பணம் கிடையாது, "ஒழுங்கீனமாக வெளியேறினாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ் என்றார்கள். நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. நேராகக் காவல் நிலையம் போய் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தோம். அங்கிருந்து ஒரு போன் போனதும், அன்று சாயங்காலமே சான்றிதழ்கள் வந்துவிட்டன. கட்டண பாக்கிக்காகக்கூட கல்விச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, அது விற்பனைப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கம் பாக்கியே இல்லை. சரிபார்ப்பது அகாடமியின் வேலை, தனியார் யாருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. யார் கேட்டாலும் நகல் மட்டும் கொடுங்கள்.

சரி, இரண்டு வாரம்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. மருத்துவர் சொன்னதையும், அகாடமி முடித்த ஓர் அதிகாரி தங்கையிடம் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். இதுவரை எவ்வளவு ஓடினீர்களோ அதே அளவை விடாமல் ஓடுங்கள், கூட்டாதீர்கள். ஓடிப் பழக்கமே இல்லாதவர் வேகமாக நடப்பதில் தொடங்குங்கள். மண் தரை கிடைத்தால் மண் தரையில் ஓடுங்கள். கொண்டுபோகப் போகும் ஷூவை இப்போதே போட்டு நடந்து பழகுங்கள், புது ஷூ கொப்புளம் சின்ன விஷயம் இல்லை. நீச்சல் தெரியாதவர் குளத்தில் இறங்கித் தண்ணீர் பயத்தையாவது போக்கிக்கொள்ளுங்கள், அதில் எலும்புக்கு அடியும் இல்லை. இரவு சீக்கிரம் தூங்கி அதிகாலையில் எழுந்து பழகுவது பெரிய உதவி.

அதைவிட நேரம் தின்பது காகித வேலை. பத்திரங்கள், பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டிய சான்று, நகல்கள், போட்டோக்கள் என்று நோட்டரிக்கும் வங்கிக்கும் அலைய வேண்டியிருக்கும். நடுவில் இரண்டு நாள் அரசு விடுமுறை வந்தால் நெஞ்சு படபடக்கும். அதனால் கடிதம் வந்த அன்றே பட்டியலை வரிவரியாகப் படித்து இந்த வேலையை ஆரம்பியுங்கள். சந்தேகம் வந்தால் கடிதத்தில் உள்ள அலுவலக எண்ணுக்கே போன் செய்து கேளுங்கள். டெலிகிராம் சீனியரைக் கேட்காதீர்கள்.

தங்கை குறிப்பிட்ட நாளில் போய்ச் சேர்ந்தாள். காலில் இருந்த பிரச்சினையை மறைக்காமல் அங்குள்ள மருத்துவரிடம் முதலிலேயே ரிப்போர்ட்டோடு சொன்னாள். சில வாரம் ஓட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்து, மெதுவாக ஏற்றினார்கள். வலியைச் சொன்னதற்காக யாரும் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. இப்போது பேட்ச்சோடுதான் இருக்கிறாள்.

பணம் இன்னும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தோம், முகாம் தரப்பு பதில் தரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இதே மாதிரி வேறு முகாம்களில் மாட்டியவர்கள் ரசீது, யு.பி.ஐ. பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, விளம்பர நோட்டீஸ் எதையும் அழிக்காமல் வையுங்கள். எங்கள் மனுவில் பலமாக நின்றது "ஓய்வுபெற்ற அதிகாரிகள் பயிற்சி" என்று அவர்களே அச்சடித்த நோட்டீஸ்தான். மனு எழுதுவதில் உதவி வேண்டுமென்றால் கேளுங்கள், நாங்கள் போட்ட மனுவின் மாதிரியைப் பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.