ஒத்திகையில் காட்டியதை மட்டும் அழித்தால் போதுமே: கமெண்ட் நீக்கும் கருவியுடன் நெடுநாள் அனுபவம்

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில், பிழைகளையும் பணிகளையும் பதிந்து விவாதிக்கும் பக்கங்களுக்கு இஷ்யூ என்று பெயர். அவற்றில் கமெண்டுகளை மொத்தமாக அழிக்க நாங்கள் பயன்படுத்தும் கருவியின் சந்தாக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்கள். "இப்போது வாங்கலாமா?" என்று பக்கத்து அணி நண்பர் கேட்டார். ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கருவி மீது எனக்கு மதிப்பும் உண்டு, தீராத கோபமும் உண்டு.

முதலில் மதிப்பு. எங்கள் இஷ்யூக்களில் ஒவ்வொரு பில்டுக்கும், அதாவது நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும், பாட் என்னும் தானியங்கி நிரல் போடும் ஒரு கமெண்ட் விழும். பிழைக்குக் காரணம் என்ன என்று ஒரு மனிதர் எழுதிய நான்கு வரியைத் தேடி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். கருவி வந்த பிறகு பக்கங்கள் படிக்கும்படி ஆயின. நிரல்கள் கிட்ஹப்பிடம் தகவல் கேட்கும் வழியான ஏபிஐ, ஒரு பக்கத்துக்கு 30 கமெண்டுகளைத்தான் தரும், கேட்டால் 100 வரை தரும். அவசரத்துக்கு எழுதிய ஸ்கிரிப்டுகள் பல முதல் பக்கத்தோடு நின்றுவிட்டு "முடிந்தது" என்று சொல்லிவிடும். இது கடைசிப் பக்கம் வரை போகிறது. அழிப்பதற்கு முன் எழுதியவர், நேரம், ஐடி (கமெண்டின் அடையாள எண்), முழு உரை என்று எல்லாவற்றையும் ஒரு ஜேசன் கோப்பில் எடுத்து வைக்கிறது. கிட்ஹப்பில் அழித்த கமெண்டை மீட்க நமக்குக் குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது. அழித்தாயிற்று என்பதற்கான 204 என்ற பதில் எண் வந்துவிட்டால் கதை முடிந்தது. அந்தக் கோப்பின் அருமை அப்போதுதான் தெரியும்.

கோபம் எல்லாம் ஒத்திகையின் மேல்தான். எதையும் அழிக்காமல், எவை போகும் என்று பட்டியல் மட்டும் காட்டும் வசதி அது. பட்டியலைப் பொறுமையாகப் படித்து, சரிபார்த்து, "அழி" என்று அழுத்துகிறோம். கருவி அந்தப் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தேடுகிறது. அந்த நொடியில் எவையெல்லாம் பொருந்துகின்றனவோ அவற்றை அழிக்கிறது! நான் படித்தது ஒன்று, அது அழிப்பது வேறொன்று என்றால் ஒத்திகை எதற்கு?

ஒருமுறை பட்டியலில் "பில்ட் தோல்வி" என்று தொடங்கும் வரிகளாக இருந்தன. முதல் வரியை மட்டும்தான் அது காட்டும். அவற்றுள் ஒன்று சக ஊழியர் எழுதியது. பாட் சொன்னதை மேலே மேற்கோள் காட்டி, நினைவக வரம்பைக் குறைத்ததால்தான் சோதனை பாதியில் சாகிறது என்று கீழே விளக்கியிருந்தார். திறந்து பார்த்ததால் அது தப்பியது. ஒத்திகைக்கும் அழிப்புக்கும் நடுவே அவர் அதை எழுதியிருந்தால் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும்.

இதற்குப் பெரிய பொறியியல் தேவையில்லை. காட்டிய ஐடிகளைச் சேமித்து அவற்றை மட்டும் அழிக்க வேண்டும். இடையில் யாராவது திருத்தியிருந்தால் அந்தக் கமெண்டை விட்டுவிட வேண்டும். கடைசியாகத் திருத்திய நேரத்தை ஏபிஐயே தருகிறது. நிறுவனத்துக்குப் பலமுறை எழுதியாயிற்று. "திட்டத்தில் இருக்கிறது" என்பதே ஒவ்வொரு முறையும் பதில்.

கருவியை வைத்திருப்பவர்கள் உரையை வைத்துத் தேடாதீர்கள், எழுதிய கணக்கை வைத்துத் தேடுங்கள். பாட் கணக்குகளை ஏபிஐ தனி வகையாகவே குறிக்கிறது. சாதாரணப் பயனர் கணக்கில் ஓடும் பழைய பாட்களுக்கு மட்டும் பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும்.

கமெண்டில் தவறிப் போட்ட, கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவியை அழிக்க இதை வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறிவிப்பு மின்னஞ்சலில் அந்தச் சாவி எப்போதோ போய்விட்டது. முதலில் சாவியை ரத்து செய்யுங்கள். கமெண்டைத் திருத்தி மறைத்திருந்தாலும், திருத்த வரலாற்றில் பழைய உரை அப்படியே இருக்கும். இஷ்யூவைப் படிக்க முடிந்தவர் அதையும் படிக்கலாம். அந்தப் பழைய வடிவத்தைத் தனியாக நீக்க வேண்டும். கருவி அதைத் தொடுவதே இல்லை. கமெண்டையே அழித்தாலும், அழிக்கப்பட்டதற்கான குறிப்பு இஷ்யூவில் நிற்கும். அழித்தவர் பெயர் எழுதும் அனுமதி உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அழிப்பவருக்கும் ஒரு பொறுப்பு வேண்டும்.

பாட் இரைச்சலுக்குக் கிட்ஹப்பிலேயே மறைக்கும் வசதி இருக்கிறது. காலாவதியானது என்று காரணம் குறித்து மறைத்தால் கமெண்ட் சுருங்கிவிடும், வேண்டும்போது மீண்டும் காட்டலாம். இதையும் ஏபிஐ வழியாகத் தானியக்கமாக்க முடியும். எங்கள் தேவையில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

இவ்வளவு நல்லதைச் சொல்லியும் நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். எங்கள் சந்தாவையும் புதுப்பிக்க நான் பரிந்துரைக்கப் போவதில்லை. ஒத்திகையில் காட்டிய ஐடிகளை மட்டும் அழிக்கும் பதிப்பு வரட்டும், பழைய விலைக்கே வாங்கச் சொல்கிறேன்.