நாய் வளரும் வீட்டுக்கு எந்தத் தரை நல்லது?

எங்கள் ஜானிக்குப் பதினோரு வயது, லாப்ரடார். காலையில் முன்னங்கால்களை ஊன்றி நெஞ்சைத் தூக்கிவிடுவான். பின்னங்கால்கள்தான் பளபளக்கும் டைல்ஸில் ஆளுக்கொரு பக்கமாக விலகிப் போகும். நகங்கள் கிறீச்சென்று தேயும். இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு அப்படியே படுத்து என்னைப் பார்ப்பான். வீடு கட்டியபோது கறை படியுமா, கீறல் விழுமா என்றுதான் கடைக்காரரிடம் கேட்டேன். இவன் அதில் நிற்க முடியுமா என்று கேட்கத் தோன்றவே இல்லை. அதனால் தரைக்கு எது நல்லது, நாயின் காலுக்கு எது நல்லது என்று இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன்.

மார்பிளில் நகம் கீறிவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் கீறுவது பாதத்தில் ஒட்டிவரும் மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, மார்பிளுக்கு 3தான். வாசலில் கால் துடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தீராதது சிறுநீர். மார்பிள் ஈரத்தை உறிஞ்சும், மஞ்சள் பூக்கும். வாடை போகட்டும் என்று எலுமிச்சையோ வினிகரோ ஊற்றினால் அமிலம் பட்டு பாலிஷும் போய்விடும். குட்டி வளரும் வீட்டுக்கு மார்பிள் வேண்டவே வேண்டாம். கிரானைட் கீறலையும் கறையையும் நன்றாகத் தாங்கும். பாலிஷ் போட்டது வழுக்கும், சொரசொரப்பான லெதர் ஃபினிஷ் வழுக்காது.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிச் சொல்லும்போது மனசு கேட்கவில்லை. என் மாமியார் வீடு காரைக்குடிப் பக்கம். கண்ணாடியின் மேல் சாயக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் அடைத்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிற கல் அது, சூளையைப் பார்க்காதது. அதனால் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். ஜானி குட்டியாக இருந்தபோது முகப்புத் தரையில் பூ வேலைப்பாட்டின் நடுவிலேயே சிறுநீர் போய்விட்டான். நாங்கள் பார்ப்பதற்குள் காய்ந்தும்விட்டது. இன்றும் அந்த ஒரு கல்லில் மட்டும் பச்சை மங்கலாக இருக்கிறது. "குழந்தை தெரியாமல் செய்தது, விடுங்கள் மாப்பிள்ளை" என்றார் அத்தை. சித்திரை வெயிலில் அவன் வயிறு படரக் கிடந்த தரையும் அதுதான். ஈரம் புகாத சீலர் பூசாமல், பழக்கப்படாத குட்டியை அந்தத் தரையில் விடாதீர்கள்.

என் தேர்வு விட்ரிஃபைடு டைல்ஸ்; ஆனால் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் மட்டும். இதன் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் குறைவு, கறை இறங்காது. இடுக்கில்தான் ஏமாந்துபோகிறோம். வெள்ளை சிமெண்ட் அடைத்த இடுக்கு சிறுநீரைக் குடித்துக்கொள்ளும். அந்த வாடையை மோந்து நாய் அதே மூலைக்குத் திரும்பி வரும். எபாக்சி என்ற பிசின் கலவையை அடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. செலவு கூடுதல்தான், ஆனாலும் செய்யலாம். டைல்ஸ் விவரப் பட்டியலில் ஆர்-9 முதல் ஆர்-13 வரை ஓர் எண் இருக்கும். எண் ஏற ஏற வழுக்கல் குறையும். மனிதக் காலணியை வைத்துச் சோதித்த எண்தான் என்றாலும், ஆர்-10 கேட்டு வாங்குங்கள். மேட் டைல்ஸில் அழுக்கு சற்று ஒட்டும், தேய்த்துத் துடைக்க வேண்டியிருக்கும். வயதான நாயின் இடுப்புக்காக அந்த உழைப்பைத் தாராளமாகப் போடலாம்.

மரம்போல் தோன்றும் லாமினேட்டில் சேர்ப்புகளில் ஈரம் இறங்கினால் உள்பலகை உப்பிவிடும். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தரையை மாற்ற வழியில்லாதவர்களுக்கு விரிப்புதான் துணை. பவானி ஜமக்காளம் துவைக்க எளிது, ஆனால் டைல்ஸில் நாயோடு சேர்ந்து அதுவும் நழுவும்; அடியில் ரப்பர் வலை போட வேண்டும். கோரைப்பாயில் நகம் மாட்டி நார் பிரிந்துவிடுகிறது. அடிப்பக்கம் ரப்பர் வைத்த நீள விரிப்புதான் எங்களுக்குக் கைகொடுத்தது. கூடவே நகத்தை வெட்டி, பாதத்தின் இடுக்கில் வளரும் முடியையும் கத்தரியுங்கள். நகம் நீண்டால் பாதத்தின் மெத்தை தரையில் சரியாகப் பதியாது; முடி அடர்ந்தால் காலுறை போட்டு நடப்பதைப் போலாகிவிடும்.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். சிறுநீர்மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் மூச்சைத் திணறவைக்கும் வாயு கிளம்பும். பினாயில் ஈரத்தில் நடந்த நாய் பிறகு பாதத்தை நக்கும். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிடுங்கள்.

இப்போது ஜானியின் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல்வரை விரிப்பு போட்டிருக்கிறோம். முதல் இரண்டு நாள் தயங்கினான். மூன்றாம் நாள் காலை ஒரே முயற்சியில் எழுந்துவிட்டான். கூடத்துக்கு மட்டும் அடுத்த மாதம் மேட் டைல்ஸ் போடுகிறோம்; எபாக்சிதான் வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது.